மேடம் வாங்க மறுத்த ரொட்டி

முதல் பக்கத்தில் பெயரும் கதவு எண்ணும் குறிக்கப்பட்டிருக்கும் நான், வயது ஐம்பத்து நான்கு, திருமணம் ஆகாதவள், கதை எழுதிப் பிழைப்பவள், குதிரையேற்றப் பள்ளியின் அலுவலக மாடியில் உள்ள ஒற்றை அறையில் வாடகைக்குக் குடியிருப்பவள், அக்கம்பக்கத்தாரால் கதைக்காரி என்று அழைக்கப்படுபவள், இன்று காலை யாருடைய தூண்டுதலும் இல்லாமல் இந்த நிலையத்துக்கு வந்து விசாரணை அதிகாரி முன்பாகச் சொல்வதாவது:

குதிரைப் போட்டியில் விழுந்து இறந்துபோன பெண் என் உடன்பிறந்த தம்பியின் ஒரே மகள். வயது பத்தொன்பது. வீட்டில் அவளைச் சிட்டு என்று கூப்பிடுவோம். என் தம்பி கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். எனக்கு அவனைத் தவிர உடன்பிறப்பு யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது என்பதால் சொல்கிறேன்.

நான் குடியிருக்கும் பள்ளியின் லாயத்தில் துரை என்றொரு குதிரை இருக்கிறது. கறுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைச் சுழி. தடை தாண்டுவதில் அதற்கு நிகர் அந்த லாயத்தில் இல்லை, பயப்படுவதிலும் இல்லை. காகிதம் பறந்தால் மிரளும், குடை விரிந்தால் மிரளும், தன் நிழல் கொஞ்சம் நீண்டுவிட்டால் அதற்கும் மிரளும். இப்படித் தனியாக நிற்க முடியாத குதிரைக்கு ஓர் ஆட்டைத் துணைக்கு விடுவது லாயங்களில் உண்டு. அப்படி வந்த வெள்ளாட்டுக்கு மேடம் என்று பெயர் வைத்தது சிட்டு. துரைக்கு ஏற்ற மேடம் என்பாள். மேடம் முன்னால் ஏறாவிட்டால் துரை லாரியில் கால் வைக்காது. துரைக்கு யார் எதைக் கொடுத்தாலும் முதல் வாய் மேடத்துக்குத்தான். கொடுப்பவர் கையிலேயே பறித்துக்கொள்ளும், இல்லாவிட்டால் குதிரை வாயிலிருந்து சிந்துவதைக் கீழே நின்று பொறுக்கிக்கொள்ளும். இது இந்த விசாரணைக்கு அவசியமான விவரம் என்பதால் விடாமல் குறித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

நான் எழுதுவது துப்பறியும் கதைகள். அவற்றில் கொலை கிடையாது. காணாமல் போன வெற்றிக் கோப்பை, மாற்றி வைக்கப்பட்ட சேணம், போட்டிக்கு முன்தினம் யாரோ கத்தரித்துவிட்ட குதிரை வால், இந்த அளவு குற்றங்கள்தான். துப்பறிவது ஓர் ஆடு. அந்த ஆட்டுக்கு மூலம் மேடம். புத்தகங்கள் பிள்ளைகளிடம் நன்றாகப் போயின. போட்டி மைதானங்களில் பிள்ளைகள் குதிரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஆட்டைப் பார்க்க வரிசையில் நிற்பார்கள். குதிரையைப் பற்றி நான் எழுதும் தப்புகளைச் சிட்டுதான் திருத்துவாள். ஒருமுறை, "அத்தை, குதிரைக்கு வாந்தி வராது. அதோட உடம்பே அப்படி. இந்தப் பக்கத்தக் கிழிச்சிடுங்க" என்று சொல்லி, நான் கிழிப்பதற்குள் தானே கிழித்துவிட்டாள்.

சிட்டு குதிரை ஏறுவதில் அவள் தாய்க்கு, அதாவது என் தம்பி மனைவிக்கு, ஆரம்பத்திலிருந்தே விருப்பம் இல்லை. லாயத்தின் வாசலை அவள் மிதித்ததே கிடையாது. இந்த வருடத் தொடக்கத்தில் பயிற்சியின்போது ஒரு கோணிப்பை காற்றில் பறந்ததற்கு மிரண்டு துரை ஒதுங்கியதில் சிட்டு கீழே விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அதன் பிறகு என் தம்பி மனைவி மகளின் பூட்ஸை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டாள். கட்டுப் பிரித்த பிறகும் சாவியைத் தரவில்லை. அந்த வீட்டில் தாயும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் என் தம்பி மத்தளம் போல இரண்டு பக்கமும் அடி வாங்கிக்கொண்டிருந்தான்.

போட்டிக்கு முன்தினம் நான் அவர்கள் வீட்டில் சாப்பிட்டேன். சாப்பாட்டு மேசையில் என் தம்பி, "அவளுக்கு ஒண்ணும் ஆகாது. நான் பொறுப்பு" என்று மனைவியிடம் சொன்னான். அவள் வெகுநேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சாவியை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். சிட்டு எழுந்து போய்த் தாயைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். தாய் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை.

மறுநாள் விடிந்ததும் லாயக்காரர் துரைக்கும் மேடத்துக்கும் வழக்கம்போலத் தீவனம் வைத்தார். லாயக்காரர் என்று நான் சொல்வது இப்போது இந்த நிலையத்தின் காவலில் இருப்பவரை. அவர் வைத்ததை இரண்டும் ஒரே வாளியில் தின்றதை நான் மாடியிலிருந்து பார்த்தேன். அதன் பிறகு மேடம் என் படிக்கட்டில் ஏறி வந்து என் கைப்பையிலிருந்த கைக்குட்டையைத் தின்றுவிட்டு ஓடியது. லாரியில் போகும் வழியெல்லாம் பலகையை முட்டிக்கொண்டே வந்தது. மைதானத்தில் இறங்கியதும் இன்னொருவர் குதிரைக்கு வைத்திருந்த புல்லில் போய் வாய் வைத்ததற்காக நான் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. அந்த நேரம் வரைக்கும் ஆடு ஆடாகத்தான் இருந்தது என்பதை உறுதியாகச் சொல்கிறேன்.

அதன் பிறகு லாயக்காரர் சேணத்தையும் கடிவாளத்தையும் சோதனைக்குக் காட்டுவதற்காகத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே நீண்ட வரிசை. சிட்டு தடைகளுக்கு நடுவே நடந்து பார்த்து வருவதற்காக மைதானத்துக்குள் போனாள். நான் டீ வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது என் தம்பி மட்டும் லாரியின் சரிவுப் பலகை அருகில் நின்று துரைக்கு ரொட்டி கொடுத்துக்கொண்டிருந்தான். ரொட்டியில் தேன் தடவியிருந்தது. மேடம் பின்னங்காலில் எழும்பி அவன் கையிலிருந்து ஒரு துண்டைப் பிடுங்கியது. அவன் ஆட்டை முழங்கையால் தள்ளினான். மேடத்தை யாரும் தள்ளி நான் பார்த்ததில்லை என்பதால் அது மனதில் நின்றது. என்னைக் கண்டதும், "துரைக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கட்டும்னுதான்க்கா" என்றான். கண்ணாடி துடைக்க எப்போதும் சட்டைப் பையில் வைத்திருக்கும் மஞ்சள் துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டான். அந்தத் துணி துவைத்ததாக இல்லாவிட்டால் கடையில் எவர் கண்ணாடியையும் அவன் தொடமாட்டான், அதிலேயே தேனைத் துடைத்தான்.

அதற்குப் பிறகு லாயக்காரர் வந்து சேணம் பூட்டினார். சிட்டு ஏறிக் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்தாள். வெயிலில் முகம் சிவந்திருந்தது. "அத்தை, துரை இன்னைக்கு எவ்வளவு சமத்து பாருங்க. கொட்டகை இடிஞ்சு விழுந்தாக்கூடத் திரும்பிப் பாக்க மாட்டான் போல" என்று சொல்லிச் சிரித்தாள். என் தம்பி அவளுடைய ஹெல்மெட் வாரை இன்னும் ஒரு துளை இறுக்கிவிட்டான். அப்போது அவன் முகத்தில் இருந்த நிம்மதியை நான் கண்ணால் பார்த்தேன். வருடக் கணக்காகப் பார்க்காத நிம்மதி அது.

அதே நேரம் மேடம் லாரியின் அடியில் படுத்திருந்தது. தலை தரையில் கிடந்தது, வாயோரம் எச்சில் வடிந்தது. என் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று நான்கு பிள்ளைகள் ஆட்டைப் பார்க்க வந்தார்கள். எழுப்பிப் பார்த்தேன், எழவில்லை. பிள்ளைகள் ஏமாந்துபோகக் கூடாது என்று, "மேடம் ராத்திரி முழுக்கத் துப்பு துலக்கிட்டு வந்திருக்காங்க, தூங்கட்டும்" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு சிட்டுவின் முறை வந்தது. தொடக்கத்தில் இருந்த தடைகளைத் துரை தாண்டியது, ஆனால் குளம்பு தடையின் மேல் இருந்த கட்டையை உரசிக்கொண்டே போனது. வளைவு திரும்பி அடுத்தடுத்து இருந்த இரட்டைத் தடைக்கு வந்தபோது முன்னங்கால்களைத் தூக்கத் தாமதமாகிவிட்டது. கட்டை விழும் சத்தம் கேட்டது. குதிரை தலைகீழாகப் புரண்டது, அவள் அதற்கு அடியில் இருந்தாள். ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்த யாருக்கும் தோன்றாததால் அது முடியும் வரைக்கும் ஓடியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் உயிர் பிரிந்ததாக மருத்துவர் சொன்னார்.

துரை எழுந்து அதே இடத்தில் நின்றது. ஆட்கள் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள், ஸ்ட்ரெச்சர் வந்தது, வெயில் படாமல் இருக்க யாரோ அவள் முகத்துக்கு மேல் பெரிய குடை ஒன்றை விரித்தார்கள். துரை அசையவில்லை. அந்தக் குடையை நான் பார்த்தேன், குதிரையையும் பார்த்தேன். பார்த்தது மூளைக்குப் போய்ச் சேரவில்லை.

விபத்து நேர்ந்தால் குதிரையின் ரத்தத்தைச் சோதனைக்கு எடுப்பது போட்டி விதி என்பதால் மைதானத்தில் இருந்த மிருக மருத்துவர் அம்மா அன்றே எடுத்துக்கொண்டார். மேடம் மறுநாள்தான் தள்ளாடி எழுந்தது. அன்றைக்கு ஆட்டை நினைக்க எங்களில் யாருக்கும் மனம் இல்லை.

காரியங்கள் முடிந்த பிறகு நான் என் அறைக்குத் திரும்பினேன். அதற்குப் பிறகு நடந்தவற்றையும் சொல்லும்படி அதிகாரி கேட்டதால் சொல்கிறேன். சிட்டுவின் ஸ்கூட்டர் போலச் சத்தம் எழுப்பும் வண்டி எது சாலையில் போனாலும் துரை காதை நிமிர்த்திக்கொண்டு வாசலுக்கு வரும். வண்டி போன பிறகும் அங்கேயே நிற்கும். என் படிக்கட்டில் அவள் ஏறி வரும் சத்தத்தை நான் கேட்டேன். அவள் எப்போதும் நடுப்படி ஒன்றைத் தாண்டிக் குதித்து வருவாள், அதேபோலக் கேட்கும். கதவைத் திறந்தால் மேடம் நிற்கும், அல்லது எதுவும் நிற்காது. பாதி எழுதியிருந்த கதையை எடுத்தால் ஒரு வரிகூட ஓடவில்லை. அந்தக் கதையில் குதிரைக்காரப் பெண் ஒருத்தி வருகிறாள், அவள் பேசுவதெல்லாம் சிட்டு பேசியது.

இன்னொன்று, பொழுது சாயும் நேரத்தில் பயிற்சி மைதானத்தில் கட்டை விழும் சத்தம் கேட்கத் தொடங்கியது. ஒரு தடவை கேட்கும், சற்று நேரம் கழித்து மறுபடி கேட்கும். ஜன்னலைத் திறந்து பார்த்தால் மரங்களின் நிழல்தான் தெரியும். இறங்கிப் போய்ப் பார்த்தபோது கட்டைகள் எல்லாம் கொக்கியில் ஒழுங்காக இருந்தன. பள்ளியின் இரவுக் காவல்காரரைக் கேட்டால், "யாரும் இல்லம்மா, உங்களுக்கு மனசு சரியில்ல, எதையாவது சாப்பிட்டுப் படுங்க" என்றார். நான் பேய் பிசாசு நம்புகிறவள் அல்ல. ஆனாலும் அந்த நேரத்துக்கு முன்பே விளக்கைப் போட்டு ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

இந்த நிலையில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்து, துரைக்கு மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்ததாகத் தெரிந்தது. லாடம் அடிக்கும்போது மிரளும் குதிரைக்குக் கொடுக்கும் மாத்திரை அது. பள்ளியின் மருந்து அலமாரிச் சாவி லாயக்காரரிடம் இருப்பதாலும், தீவனம் வைத்தது அவர் என்பதாலும் இந்த நிலையத்தார் வந்து அவரை அழைத்துச் சென்றார்கள். போகும்போது அவர் துரையின் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிவிட்டு வர அனுமதி கேட்டார். நிரப்பிவிட்டுப் போனார்.

அதன் பிறகு லாயக்காரரின் மனைவி என் அறைக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "அம்மா, நீங்க கதையில எத்தனையோ திருட்டக் கண்டுபிடிச்சிருக்கீங்க. எங்க வீட்டுக்காரர் அந்தப் பொண்ண இத்தனூண்டு வயசுலேருந்து குதிரைமேல தூக்கி வெச்சவரு. இது ஒண்ண மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்கம்மா" என்றார். கதையில் முடிவை முதலில் வைத்துக்கொண்டு பின்னோக்கி எழுதுவேன், அது கண்டுபிடிப்பு இல்லை, வெறும் ஏமாற்று என்று அவரிடம் விளக்கினேன். அவர் அதைக் கேட்டுவிட்டு, "சரிம்மா, அப்ப இதையும் பின்னாலேருந்து பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

லாயக்காரர் இல்லாததால் துரைக்கும் மேடத்துக்கும் தண்ணீரும் தீவனமும் வைக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். அப்போதுதான் மேடம் ரொட்டி தின்பதில்லை என்பதைக் கவனித்தேன். முன்பெல்லாம் ரொட்டிக்காக மனிதனைக் கீழே தள்ளும் ஆடு அது. இப்போது ரொட்டியை நீட்டினால் மூக்கைச் சுளித்துப் பின்வாங்கியது. தேன் தடவிக் கொடுத்தபோது கத்திக்கொண்டு ஓடியது. முதலில் துக்கம் என்று நினைத்தேன். ஆனால் அதே ஆடு புல் தின்றது, காரட் தின்றது, கொடியில் காயப்போட்டிருந்த என் துண்டின் ஒரு மூலையைத் தின்றது. துக்கத்தில் இருப்பவர்களுக்குச் சோறு இறங்காது, சரி. ரொட்டி மட்டும் இறங்காத துக்கம் எங்கே உண்டு?

அதன் பிறகு ஒருநாள் என் தம்பி சிட்டுவின் சாமான்களை எடுத்துப்போக லாயத்துக்கு வந்தான். அவன் உள்ளே நுழைந்ததும் மேடம் வைக்கோல் போரின் உச்சிக்கு ஏறிக்கொண்டு அங்கிருந்து அவனையே பார்த்தது. அவனும் நிமிர்ந்து பார்த்தான். பிறகு எதையும் எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டான். ஆணியில் அவள் பழைய ஹெல்மெட் தொங்கிக்கொண்டே இருந்தது.

 மைதானத்தில் கண்ட ரொட்டி, முழங்கை, மஞ்சள் துணி, லாரிக்கு அடியில் கிடந்த ஆடு, விரிந்த குடை, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. வேண்டாம் என்று தள்ளினேன், போகவில்லை. அதன் பிறகு மிருக மருத்துவர் அம்மாவைப் போய்ப் பார்த்து, அந்த மாத்திரை ஓர் ஆட்டின் வயிற்றில் கொஞ்சம் போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். கதைக்காகக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டு சிரித்தபடி சொன்னார். குதிரையைவிட ஆட்டுக்கு அது பல மடங்கு ஏறும், சீக்கிரமே சாய்ந்துவிடும், எச்சில் வடியும், பிழைத்தால் அதிர்ஷ்டம், பிழைத்தபின் அது எதில் கலந்து வந்ததோ அந்தத் தீனியை ஆடு அவ்வளவு சுலபத்தில் தொடாது என்றார். விடியற்காலைத் தீவனத்தில் இருந்திருந்தால் மைதானம் போய்ச் சேர்ந்தபின்னும் அது துள்ளிக்கொண்டு திரிந்திருக்குமா என்று கேட்டேன். திரிந்திருக்காது, லாரியிலேயே விழுந்திருக்கும் என்று சொன்னவர், என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அன்று மாலை கட்டை விழும் சத்தம் கேட்டபோது நான் ரேடியோவை நிறுத்திவிட்டு, விளக்குப் போடாமல், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன். இந்த முறை அலுவலகத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்க வேலி வழியாகப் போனேன். மைதானத்தின் நடுவில் என் தம்பி நின்றுகொண்டிருந்தான். முன்பெல்லாம் என் விளக்கைக் கண்டதும் அவன் அந்த வேலி வழியாகவே விலகிப் போயிருக்க வேண்டும். போட்டி மைதானத்தில் இருந்தது போலவே இரண்டு தடைகளை அடுத்தடுத்து நிறுத்தியிருந்தான். கொக்கியிலிருந்து கட்டையை எடுத்துக் கீழே போட்டான். சத்தம் அடங்கும் வரை தலையைச் சாய்த்துக் கேட்டான். பிறகு அதை எடுத்து மண்ணைத் துடைத்து மறுபடி மாட்டினான்.

நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திடுக்கிடவில்லை. திரும்பாமலே, "ஒரு தரம் நல்லாக் கேட்டுட்டா அப்புறம் காதுல கேக்காதுன்னு நெனச்சேன்க்கா. நிக்கவே மாட்டேங்குது" என்றான்.

துரையைப் பற்றி அவனிடம் கேட்க எனக்கு நா எழவில்லை. அதனால், "அன்னைக்கு மேடத்துக்கு என்னடா குடுத்த?" என்று கேட்டேன்.

அவன் கண்ணாடியைக் கழற்றினான். கழற்றினால் அவனுக்கு எதிரே இருப்பவர் முகம் தெரியாது. "ஆட்டுக்குக் குடுக்கலக்கா. அது பிடுங்கிடுச்சு" என்றான். அதன் பிறகு எல்லாவற்றையும் சொன்னான். லாடம் அடித்த அன்று மருந்து அலமாரி திறந்து கிடந்தபோது ஒரு மாத்திரையை எடுத்து வைத்துக்கொண்டதாகவும், அதைக் கடையில் வைத்துப் பொடி செய்ததாகவும், போட்டியன்று தேனில் குழைத்து ரொட்டியில் தடவியதாகவும் சொன்னான். "லாடம் அடிச்ச அன்னைக்கு அதத் தின்னுட்டுத் துரை பசு மாதிரி நின்னுச்சுக்கா. காகிதம் பறந்துச்சு, திரும்பிக்கூடப் பாக்கல. அது மிரளாம இருந்தா அவ விழ மாட்டான்னு நெனச்சேன். அவ்வளவுதான் நெனச்சேன். குதிச்சுத் தாண்டறதுக்கும் அந்தப் பயம்தான் வேணும்னு எனக்கு யாரும் சொல்லலியேக்கா" என்றான்.

லாயக்காரர் காவலில் இருப்பது தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றான். "தினம் கடையத் தொறக்கும்போது இன்னைக்குப் போய்ச் சொல்லிடணும்னுதான் தொறக்கறேன். போலீஸ்ல சொல்லிடுவேன். வீட்ல அவகிட்ட எப்படிச் சொல்றது? நான் பொறுப்புன்னு சொன்னீங்களேன்னு கேப்பா. சாவிய அவளா எடுத்து வெச்சாக்கா" என்றான்.

அந்த நேரம் நான் சட்டத்தை நினைத்தேனா என்று அதிகாரி கேட்டார். நினைக்கவில்லை. எங்கள் அம்மா வேலைக்குப் போன பிறகு அவனுக்குக் காலணி மாட்டிப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனது நான்தான், அதை நினைத்தேன். இந்த மைதானத்தோடு இதைப் புதைத்துவிடலாம், ஆடு வந்து சாட்சி சொல்லப் போவதில்லை என்றும் நினைத்தேன். அதன் பிறகு லாயக்காரர் மனைவி உட்காராமல் நின்ற இடம் ஞாபகம் வந்தது. "வாடா, வீட்டுக்குப் போலாம்" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டில் என் தம்பி மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பையைப் பிரித்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். பையில் சிட்டுவின் பூட்ஸ் இருந்தது. ஒன்றில் மண் துடைக்கப்பட்டிருந்தது, மற்றதில் மண் அப்படியே இருந்தது. என் தம்பி உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னான். என்னிடம் சொன்னதைவிடக் குறைவான வார்த்தைகளில் சொன்னான், எதையும் மறைக்கவில்லை. அவள் பூட்ஸ் துடைத்த துணியைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

சொல்லி முடித்ததும் அவள் கேட்டது, "அவளுக்குத் தெரியுமா?" என்பதுதான். தெரியாது என்றான். துரை சமத்தாக இருக்கிறது என்று சிட்டு சொல்லிச் சிரித்ததை நான் சொன்னேன். அதுவரை அதை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. "அப்படின்னா பயமில்லாமத்தான் போயிருக்கா" என்றாள். அழவில்லை. அவன் முகத்தைப் பார்க்கவும் இல்லை.  மற்ற பூட்ஸை எடுத்தாள், துடைக்காமல் திரும்பவும் வைத்தாள்.

அதன் பிறகு, "அண்ணி, அந்த லாயக்காரர் வீட்டம்மா எங்க இருக்காங்க?" என்று என்னைக் கேட்டாள். லாயத்துக்குப் பின்னால் உள்ள குடியிருப்பில் என்றேன். அவள் எழுந்தாள். என் தம்பியிடம், "காலையில நல்ல சட்டையாப் போட்டுக்கிட்டு அண்ணியோட போங்க. நம்ம துக்கம் எங்கயும் ஓடிடாது. அந்த மனுஷன முதல்ல வெளிய கொண்டு வாங்க" என்றாள். அதற்கு மேல் அவனிடம் பேசவில்லை. இன்று காலை நாங்கள் இங்கே கிளம்பும் முன்பே அவள் கிளம்பிவிட்டாள். இரவே என் அறைக்குத் திரும்பியிருந்த நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். லாயத்தின் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே நுழைந்து, குதிரைக் கொட்டடிகளைத் திரும்பிப் பார்க்காமல், பின்பக்கக் குடியிருப்பை நோக்கி நடந்து போனாள்.

எனக்கும் என் தம்பிக்கும் முன்விரோதம் உண்டா என்று கேட்டதற்கு இல்லை என்று சொன்னேன். கதை எழுதுகிறவள் என்பதால் இதில் ஏதும் என் கற்பனையாக இருக்குமா என்று கேட்டதற்கு, மருத்துவர் அம்மாவையும் காவல்காரரையும் விசாரித்துக்கொள்ளலாம் என்றும், மஞ்சள் துணி இன்னும் அவன் கடையில்தான் இருக்கிறது, அன்றிலிருந்து அதை அவன் துவைக்கவும் இல்லை, தொடவும் இல்லை என்று அவனே சொன்னான் என்றும் சொன்னேன். லாயக்காரர் மாத்திரையை எடுக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. அவரை விடுவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

என் தம்பி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. அவன் உள்ளே வந்து சொல்லும்போது பக்கத்தில் இருக்க அனுமதி கேட்டேன். முடியாது என்று சொல்லப்பட்டது. அவனுக்கு முதலில் தண்ணீர் கொடுக்கும்படி கேட்டேன். கொடுப்பதாகச் சொன்னார்கள்.

இதுவரை நான் சொன்னது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அதில் ஓரிடத்தில் 'எதிரி' என்று எழுதப்பட்டிருந்தது. யார் எதிரி என்று கேட்டேன். குற்றம் சாட்டப்படுகிறவரைக் கோப்பில் அப்படித்தான் எழுதுவது வழக்கம் என்று அதிகாரி விளக்கினார். மற்ற காகிதங்களில் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், நான் சொன்னதாக எழுதுவதில் அந்தச் சொல் வேண்டாம் என்றேன். அவர் சற்று யோசித்து, அதை ஒரு கோடு போட்டு அடித்து, அதற்கு மேல் 'என் தம்பி' என்று எழுதி, திருத்தத்தின் பக்கத்தில் என்னைச் சுருக்கொப்பம் போடச் சொன்னார். போட்டேன்.

மேலே உள்ளது முழுவதும் நான் கண்டதும் கேட்டதும் ஆகும். கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. எவருடைய மிரட்டலுக்கும் ஆசைவார்த்தைக்கும் உட்படாமல், தெளிந்த புத்தியோடு சொல்லி, வாசிக்கக் கேட்டு, சரி என்று ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
வாக்குமூலம் அளித்தவர்

என் முன்பாக,
(ஒப்பம்)
விசாரணை அதிகாரி